வுட்வர்ட் ரோட்டு ரேடியோ சாமியார்

அம்மா ஆறு மாச விசால இங்க மிச்சிகன் வந்திருந்தப்போ பாக்கணும்னு கேட்டது நயாகராவும் இல்ல, சிகாகோவும் இல்ல. "ஏல, இங்கன சிறுமலர் கோயில் ஒண்ணு இருக்காம்ல, அதுக்கு ஒருநாள் கூட்டிட்டுப் போ." ஊர்ல யாரோ வாட்ஸப்ல சொல்லியிருக்காங்க. எங்க தூத்துக்குடிப் பக்கம் சிறுமலர்னா யாருக்கும் விளக்கம் தேவையில்ல, குழந்தை இயேசுவின் தெரேசா, பிரான்ஸ்ல 24 வயசுல காசநோய்ல செத்துப்போன கன்னியாஸ்திரி, தெருவுக்கு ரெண்டு தெரேசாவாவது இருப்பாங்க, லிட்டில் ஃபிளவர்னு பேர் வச்ச ஸ்கூல்ல படிச்சவங்க நம்ம ஊர்ல எத்தனை பேர்னு எண்ணவே முடியாது, நானும் அப்படி ஒண்ணுல அஞ்சாவது வரைக்கும் படிச்சவன்தான்.

கோயில் எனக்கு நல்லாத் தெரிஞ்ச இடம், ஆனா உள்ள போனதில்ல. ஆபீஸ் போற வழி. ராயல் ஓக், வுட்வர்ட் அவென்யூவும் 12 மைல் ரோடும் சேர்ற முக்கு. சிக்னல்ல நின்னா நேர் எதிர்ல ஒரு கல் கோபுரம், அது முழுக்க ஒரு பாடுபட்ட சுரூபம், சிலுவையில இருக்குற இயேசு மட்டுமே 28 அடி உயரம். குளிர்காலத்துல சாயங்காலம் அஞ்சு மணிக்கே இருட்டிடும், கீழ இருந்து லைட் போட்டிருப்பாங்க, பனி விழுந்துட்டிருக்கும், அந்த நேரத்துல பாத்தா சாமி நம்பாதவனுக்கும் ஒரு மாதிரி ஆகும்.

அம்மா உள்ள போயி மெழுகுதிரி ஏத்துனாங்க, முழங்கால் போட்டாங்க. எட்டுப் பட்டையா கட்டுன கோயில், நடுவுல பீடம், சுத்தி எங்க உக்காந்தாலும் சாமியார் தெரிவார். 1936ல முடிச்சது, அந்தக் காலத்துக்கு ரொம்பப் புதுசான டிசைன். வெளிச்சுவர்க் கல்லுல அமெரிக்க மாநிலங்களோட பூக்களையெல்லாம் செதுக்கி வச்சிருக்காங்க. "இம்புட்டுக் காசு யாரு குடுத்தா?"ன்னு அம்மா கேட்டாங்க. நம்ம பக்கம் கோயிலுக்குள்ள போனவுடனே பெஞ்சுல யார் பேர் எழுதியிருக்கு, கதவுல யார் உபயம்னு பாக்குற பழக்கம், அது இங்கயும் போகல. நான் ஃபோனை எடுத்துத் தேடுனேன். அன்னிக்கு ஆரம்பிச்சதுதான், மூணு மாசம் ராத்திரி ராத்திரி இதையே படிச்சிட்டிருந்தேன்.

காசு குடுத்தது ரேடியோ கேட்ட சனங்க. ஒரு டாலர், ரெண்டு டாலர்னு கவர்ல வச்சு அனுப்புன சனங்க. வாங்குனவர் சார்லஸ் காஃப்லின்ங்கிற சாமியார், கனடாவுல ஹாமில்டன்ல 1891ல பொறந்தவர், ஐரிஷ் குடும்பம். டெட்ராய்ட் பிஷப் மைக்கேல் காலகர் 1926ல இவரை ராயல் ஓக்குக்கு அனுப்புனார். அப்போ அங்க கத்தோலிக்கக் குடும்பம் முப்பது இருந்தா பெருசு. முந்தின வருசம்தான் தெரேசாவுக்குப் புனிதர் பட்டம் குடுத்திருந்தாங்க, அந்தப் பேர்லயே மரத்துல ஒரு சின்னக் கோயில். கூ கிளக்ஸ் கிளான்ங்கிற வெள்ளை இனவெறிக் கும்பல்காரங்க வந்து கோயில் முன்னால சிலுவையைக் கொளுத்துனாங்கன்னு இவரே திரும்பத் திரும்பச் சொல்லுவார். அந்தச் சம்பவம் இவர் சொன்ன மாதிரியே நடந்துச்சாங்கிறதுல சந்தேகப்படுறவங்க உண்டு, ஆனா மிச்சிகன்ல அப்போ கிளானுக்கு ஆள்பலம் இருந்ததும் கத்தோலிக்கர்னாலே அவங்களுக்கு ஆகாதுங்கிறதும் உண்மை. இதை ஏன் முதல்லயே சொல்றேன்னா, பின்னால இன்னொரு சனத்து மேல வெறுப்பைக் கொட்டுன ஆள், ஆரம்பத்துல தானே வெறுப்புக்கு ஆளான சனத்துல ஒருத்தர்.

பங்குல காசில்ல, கடன் இருக்கு. டெட்ராய்ட்ல டபிள்யூ-ஜே-ஆர்னு ஒரு ரேடியோ ஸ்டேஷன், அதோட மேனேஜர் லியோ ஃபிட்ஸ்பாட்ரிக் இவருக்கு ஒரு ஸ்லாட் குடுத்தார். 1926 அக்டோபர் 17, ஞாயித்துக்கிழமை. வாரத்துக்கு 58 டாலர் செலவு. பேசுனது என்னன்னா குழந்தைங்களுக்கு ஞானோபதேசம். அவ்ளோதான். மூணு வருசத்துக்கு மேல இதுதான் ஓடுச்சு, பிள்ளைங்களுக்குக் கதை, ஜெபம், நடுவுல கொஞ்சம் ஆர்கன் மியூசிக்.

ஆனா குரல். இதை நான் எப்படிச் சொல்றது. ரெகார்டிங் நெட்ல நிறைய கெடக்கு, யார் வேணா கேக்கலாம். ஐரிஷ் வாடை கலந்து 'ர'வை உருட்டி உருட்டிப் பேசுவார், மெதுவா ஆரம்பிச்சு ஒரு வாக்கியத்தை எங்கயோ கொண்டுபோய் நிறுத்திட்டு மூச்சு விடாம அடுத்ததுக்குத் தாவுவார், நம்ம ஊர் மேடைப் பேச்சு கேட்டு வளந்தவனுக்கு அந்த ஏத்த எறக்கம் உடனே பிடிபடும். எனக்குப் பிடிச்சிருந்துச்சு, அதை மறைக்க விரும்பல.

1929ல பங்குச்சந்தை விழுந்துச்சு. டெட்ராய்ட் கார் ஊர், கார் வாங்க ஆள் இல்லேன்னா ஊரே இல்ல. ஃபேக்டரி கேட் முன்னால வரிசை, இலவச சூப்புக்கு வரிசை. இப்போதான் இவர் பிள்ளைங்களை விட்டுட்டுப் பெரியவங்ககிட்ட பேச ஆரம்பிச்சார். முதல்ல கம்யூனிஸ்ட்டுங்களைத் திட்டுனார், அப்புறம் அதே மூச்சுல, கம்யூனிஸ்ட்டை வளத்து விடுறதே பேராசை பிடிச்ச முதலாளிங்கதான்னு சொன்னார். 1891லயே போப் பதிமூணாம் லியோ தொழிலாளிக்கு நியாயமான கூலி வேணும்னு சுற்றுமடல் எழுதியிருந்தார், அதைக் கையில வச்சுக்கிட்டு வங்கிக்காரங்களை வெளுத்தார். சொன்னதுல பெரும்பங்கு சரி. மிச்சிகன்ல 1933 பிப்ரவரியில கவர்னர் உத்தரவு போட்டு மொத்த பேங்கையும் மூடுனாங்க, போட்ட காசை எடுக்க முடியாம நின்னவங்களுக்கு, பேங்க் முதலாளிங்களைப் பேர் சொல்லித் திட்டுற ஒரு சாமியாரோட குரல் எப்படி இருந்திருக்கும்! அந்த மார்ச் கடைசியில அவர் வீட்டு அடித்தளத்துல குண்டு வெடிச்சுச்சு, யாருக்கும் ஒண்ணும் ஆகல, சாமியார் பேர் இன்னும் பெருசாச்சு.

1930 சென்சஸ்ல அமெரிக்காவுல வீட்ல ரேடியோ செட் இருக்கான்னு ஒரு கேள்வியே கேட்டாங்க, பத்து வீட்டுக்கு நாலு வீட்ல இருந்துச்சு. பத்து வருசம் கழிச்சு பத்துக்கு எட்டு. ஆக இவரும் ரேடியோவும் ஒண்ணாவே வளந்தாங்க. 1930 அக்டோபர்ல சி.பி.எஸ். நெட்வொர்க் இவரை நாடு முழுக்கக் கொண்டுபோச்சு. மூணே மாசத்துல பஞ்சாயத்து, பேச்சு ரொம்பக் காரமா இருக்கு, முன்கூட்டியே ஸ்கிரிப்ட் காட்டுங்கன்னு கேட்டாங்க. இவர் என்ன பண்ணார், அந்த விசயத்தையே மைக்ல போட்டு உடைச்சார், என்னைப் பேச விடாம தடுக்குறாங்க, உங்க கருத்தைக் கம்பெனிக்கு எழுதுங்கன்னார். லட்சக்கணக்குல லெட்டர். சி.பி.எஸ். பின்வாங்குச்சு, ஆனா அந்த சீசன் முடிஞ்சதும் கான்ட்ராக்டைப் புதுப்பிக்கல, என்.பி.சி.யும் வேணாம்னுருச்சு.

இங்கதான் எனக்கு இந்தக் கதையில ரொம்ப முக்கியமான எடம். நெட்வொர்க் கைவிட்டவுடனே இவர் சொந்தமா ஒரு நெட்வொர்க் கட்டுனார். சொந்தமான்னா ஸ்டேஷன் வாங்கல. டெலிஃபோன் கம்பெனிகிட்ட லைனை வாடகைக்கு எடுத்து, ஒவ்வொரு ஊர்லயும் ஒரு ஸ்டேஷன்ல ஞாயித்துக்கிழமை மத்தியானம் ஒரு மணி நேரத்தை விலைக்கு வாங்கி, முப்பது ஸ்டேஷன் அளவுக்கு ஒரே நேரத்துல பேசுனார். அதுக்கான காசு, பேச்சைக் கேட்டவங்க அனுப்புன டாலர்.

இதுக்கும் லாஸ் ஏஞ்சலஸ்ல நடந்ததுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்க. அங்க பாப் ஷூலர்னு ஒரு மெத்தடிஸ்ட் போதகர், கத்தோலிக்கர், யூதர்னு எல்லாரையும் ரேடியோவுல கிழிச்சுத் தொங்கப் போடுவார், அவர் சர்ச்சுக்கே சொந்தமா ஸ்டேஷன் இருந்துச்சு. 1931ல ஃபெடரல் ரேடியோ கமிஷன் லைசென்ஸைப் புதுப்பிக்க மாட்டேன்னுருச்சு, கோர்ட்டும் 1932ல அது சரின்னு சொல்லிருச்சு. கதை முடிஞ்சுது. காஃப்லின்கிட்ட புடுங்குறதுக்கு லைசென்ஸே இல்ல. அவர் வாடிக்கையாளர். சோப்பு கம்பெனி மாதிரி நேரம் வாங்குறவர். அவர்மேல கை வைக்கக்கூடிய ஒரே ஆள் அவரோட சொந்த பிஷப், அதாவது காலகர், அவரோ இவருக்குப் பெரிய ரசிகர். பாஸ்டன் கர்தினால் ஓ'கானல் ஒண்ணுக்கு ரெண்டு தடவை வெளிப்படையாவே கண்டிச்சார், ஆனா டெட்ராய்ட் மறைமாவட்டத்துல அவருக்கு அதிகாரம் கிடையாது. திருச்சபைச் சட்டம் அப்படி.

லெட்டர் வாரத்துக்கு 80,000 வரைக்கும் வந்துச்சாம். ராயல் ஓக்ல இதுக்காகவே புது போஸ்ட் ஆபீஸ் கட்ட வேண்டியதாச்சு. கவரைப் பிரிச்சு டாலரைத் தனியா எடுத்து வைக்க நூத்துக்கு மேல கிளார்க்குங்க. கேட்டவங்க எண்ணிக்கை 3 கோடி வரைக்கும் சொல்றாங்க, நாட்டு ஜனத்தொகையே 12 கோடி சொச்சம்தான், சரியா எண்ண அப்போ வழி கிடையாது, பாதின்னே வச்சுக்குங்களேன், அதுவே பயங்கரம்தான. கோடையில ஜன்னலைத் திறந்து வச்ச தெருவுல நடந்துபோனா, வீட்டுக்கு வீடு அதே குரல், ஒரு வார்த்தை விடாம முழுப் பேச்சையும் கேட்டுடலாம்னு அந்தக் காலத்து ஆளுங்க சொல்லியிருக்காங்க. இலங்கை வானொலி காலத்துல எங்க தெருவும் அப்படித்தான்னு அம்மா சொன்னாங்க.

அம்மாகிட்ட இதையெல்லாம் ராத்திரி சாப்பிடுறப்போ சொல்லிட்டே இருப்பேன். லெட்டர் கதை வந்தப்போ அவங்களுக்கு முகம் மாறுச்சு. அம்மா சின்ன வயசுல வேரித்தாஸ் வானொலிக்கு எழுதுனவங்க. தெரியாதவங்களுக்கு, பிலிப்பைன்ஸ்ல மணிலாவுல இருந்து சிற்றலையில தமிழ் நிகழ்ச்சி போட்டுட்டிருந்த கத்தோலிக்க ரேடியோ. தென் மாவட்டத்துல அதுக்கு நேயர்கள் ஜாஸ்தியா இருந்தாங்க. போஸ்ட் கார்டுல எழுதிப் போடுவாங்களாம், ஒரு நாள் இவங்க பேரை ஊரோட சேத்து வாசிச்சிட்டாங்களாம். "வீட்ல எல்லாரும் இருக்கோம், கரகரங்குது, அதுக்கு ஊடால என் பேரு கேக்குது. எங்கய்யா எந்திச்சு நின்னுட்டாவ." வாசிச்சது நல்ல சாமியார், சொன்னதும் நல்ல விசயம், அதுல ஒரு தப்பும் இல்ல. ஆனா அம்மா அதுக்கப்புறம் சொன்னதுதான் எனக்கு எந்தப் புத்தகத்துலயும் கிடைக்கல. "அன்னைக்கு அவிய எங்கள்ட்ட என்ன சொல்லியிருந்தாலும் நம்பியிருப்போம்ல. பேரைச் சொல்லிட்டாவல்லா."

1932 ஜனாதிபதி தேர்தல்ல காஃப்லின் ரூஸ்வெல்ட் பக்கம். ரூஸ்வெல்ட் இல்லேன்னா நாசம்னு கோஷம், நியூ டீல்ங்கிற ரூஸ்வெல்ட்டோட மீட்புத் திட்டம் கிறிஸ்துவோட டீல்னு பேச்சு. ஜெயிச்சதும் தன்னைக் கேட்டுத்தான் எல்லாம் நடக்கும்னு நெனச்சிருப்பார் போல. வெள்ளை மாளிகையில சிரிச்சுப் பேசி அனுப்பிட்டாங்க, அவ்ளோதான். இவர் வெள்ளியைப் பணமாக்கணும், வெள்ளி விலையை ஏத்தணும்னு ரேடியோவுல ஓயாம பேசிட்டிருந்தார். 1934 ஏப்ரல்ல நிதித்துறை, யார் யாரெல்லாம் வெள்ளி வாங்கிப் பதுக்கியிருக்காங்கன்னு ஒரு லிஸ்ட் விட்டுச்சு, அதுல ஏமி காலின்ஸ்னு ஒரு பேர், 5 லட்சம் அவுன்ஸ் வெள்ளி ஃபியூச்சர்ஸ், அதாவது விலை ஏறும்னு முன்கூட்டியே போட்டு வைக்கிற ஒப்பந்தம். யார்னு பாத்தா காஃப்லினோட செக்ரட்டரி. வாங்குன காசு சிறுமலர் ரேடியோ சங்கத்தோடது. சூதாட்டக்கார வங்கிக்காரங்களைத் திட்டுறதுக்கு அனுப்புன டாலர்! நம்ம ஊரா இருந்தா இத்தோட முடிஞ்சிருப்பார்னு எழுத வந்தேன், அப்புறம் யோசிச்சுப் பாத்தா நம்ம ஊர்லயும் முடிஞ்சிருக்க மாட்டார். அங்கயும் முடியல. அந்த நவம்பர்லயே சமூக நீதிக்கான தேசிய யூனியன்னு ஒரு அமைப்பு ஆரம்பிச்சார், 16 கொள்கை. தமிழ்ல 'சமூக நீதி'ங்கிற வார்த்தையை அவர் பேருக்கு எழுதும்போது கை கூசுது, ஆனா பேர் அதுதான், நமக்கு அந்த வார்த்தை வந்த வழி வேற.

பலம் என்னன்னு 1935 ஜனவரியில காட்டுனார். உலக நீதிமன்றத்துல அமெரிக்கா சேர்றதுக்கு செனட்ல ஓட்டு, ஜெயிச்சிரும்னு எல்லாரும் நெனச்சிருந்தாங்க. ஞாயித்துக்கிழமை இவர் பேசுனார், செனட்டர்களுக்குத் தந்தி அடிங்கன்னார், திங்கக்கிழமை தந்தியை வண்டியில வச்சுத் தள்ளிட்டு வந்தாங்க. செவ்வாக்கிழமை ஓட்டு, 52க்கு 36, மூணுல ரெண்டு பங்குக்கு ஏழு ஓட்டு கம்மி. தோத்துச்சு. ஹர்ஸ்ட் பத்திரிகைகளும் எதிர்த்து எழுதுச்சு, இவர் ஒருத்தரே காரணம்னு சொல்ல மாட்டேன். ஆனா இவருக்கு அப்படித்தான் தோணியிருக்கும்.

1936ல ரூஸ்வெல்ட்டுக்கு எதிரா யூனியன் பார்ட்டின்னு ஒண்ணு. வில்லியம் லெம்கேன்னு வடக்கு டகோட்டா காங்கிரஸ் உறுப்பினர் வேட்பாளர். கூட ஜெரால்ட் ஸ்மித், அவரும் ஒரு போதகர், முந்தின வருசம் சுட்டுக் கொல்லப்பட்ட லூசியானா செனட்டர் ஹ்யூயி லாங்கோட ஆள். ஜூலையில கிளீவ்லாண்ட் மாநாடு, கடும் வெயில், காஃப்லின் மேடையிலயே கோட்டைக் கழட்டி, கழுத்துல இருந்த சாமியார் காலரையும் பிச்சு எடுத்துட்டு, நாட்டோட ஜனாதிபதியைப் பொய்யன், துரோகின்னார். காலரைக் கழட்டுனது எனக்கு அதைவிடப் பெருசாத் தெரியுது, எங்க வீட்ல அம்மாவுக்கும் அப்படித்தான், "மேடையில வச்சா?"ன்னு ரெண்டு தடவை கேட்டாங்க. அப்புறம் மன்னிப்புக் கடிதம் எழுதுனார். 90 லட்சம் ஓட்டு வாங்கித் தரலேன்னா ரேடியோவை விட்டுடறேன்னு சவால் வேற. கிடைச்சது 9 லட்சத்துக்கும் கம்மி. ரூஸ்வெல்ட் 48 மாநிலத்துல 46ஐ அள்ளிட்டுப் போனார். கோடிக்கணக்குல கேட்டாங்க, லட்சக்கணக்குல காசும் அனுப்புனாங்க, ஓட்டு மட்டும் போடல. நம்ம ஊர் அரசியல் மேடைக்குக் கூடுற கூட்டத்தைப் பாத்தவங்களுக்கு இது புரியும்.

விட்டார், ரெண்டு மாசத்துக்கு. 1937 ஜனவரியில பிஷப் காலகர் செத்துப்போனார், சாகுறப்போ என்னைத் திரும்பப் பேசச் சொன்னார்னு வந்துட்டார். இந்தத் திரும்பி வந்த காஃப்லின் வேற ஆள்னு சிலர் சொல்றாங்க. எனக்கு அப்படித் தோணல. பழைய பேச்சுலயே 'சர்வதேச வங்கிக்காரங்க'ன்னு ஒரு ஆள் எப்பவும் இருப்பான், முகம் இருக்காது, அப்பப்போ ராத்ஸ்சைல்டு மாதிரி ஒரு யூத வங்கிக் குடும்பத்தோட பேர் மட்டும் வந்து போகும். யாரைச் சொல்றார்னு புரிஞ்சவங்களுக்குப் புரியும். தோல்விக்கு அப்புறம் பூடகம் போச்சு, அவ்ளோதான் வித்தியாசம்.

டெட்ராய்ட்ல அதுக்கு நிலம் ஏற்கெனவே உழுது வச்சிருந்துச்சு. ஹென்றி ஃபோர்டு 1920லயே தன்னோட டியர்பார்ன் இண்டிபெண்டண்ட் பத்திரிகையில யூதர்களைப் பத்தி வாராவாரம் விஷம் கக்குனார், ஷோரூம்ல கார் விக்கிறவங்ககிட்டயே பத்திரிகையையும் விக்கச் சொன்னார், 1927ல கேஸ் வந்தப்புறம் மன்னிப்புக் கேட்டு மூடுனார். ஊருக்கு ஊர் இதே சரக்கு வேற வேற லேபிள்ல இருந்துச்சு. ஹிட்லர் பதவிக்கு வந்த மறுநாளே வில்லியம் டட்லி பெல்லி வெள்ளிச் சட்டைக்காரங்கன்னு ஒரு படை ஆரம்பிச்சார், கான்சாஸ்ல ஜெரால்ட் வின்ராட்னு ஒரு புராட்டஸ்டண்ட் போதகர் பைபிளையும் யூத வெறுப்பையும் ஒண்ணா வித்தார். கத்தோலிக்கனும் புராட்டஸ்டண்டும் ஒருத்தர் வீட்ல ஒருத்தர் தண்ணி குடிக்காத காலத்துல, இந்த ஒரு விசயத்துல மட்டும் ஒத்துமை.

1938 ஜூலையில காஃப்லினோட 'சோஷியல் ஜஸ்டிஸ்' பத்திரிகை, யூதர்கள் உலகத்தை ஆளச் சதி பண்றாங்கன்னு சொல்ற, சீயோன் மூப்பர்களின் நெறிமுறைகள்னு ஒரு போலி ஆவணத்தைத் தொடரா போட ஆரம்பிச்சுச்சு. அது போலின்னு லண்டன் டைம்ஸ் 1921லயே வரிக்கு வரி நிரூபிச்சிருந்துச்சு. இவர் என்ன சொன்னார்னா, அது உண்மையாங்கிறது முக்கியமில்ல, அதுல சொன்னது நடக்குதான்னு பாருங்கன்னு. இந்த ஒரு தந்திரத்தை இன்னிக்கு நம்ம ஃபேமிலி குரூப்ல வர்ற ஃபார்வர்டுல அப்படியே பாக்கலாம். போன மாசம்கூட எங்க சித்தப்பா, "ஃபேக்காவே இருக்கட்டும், ஆனா விசயம் கரெக்ட்தான"ன்னு போட்டிருந்தார். குரூப் சண்டை பத்தி இங்க வேணாம்.

அதே வருசம் நவம்பர் 9ம் 10ம் ஜெர்மனியில யூதர் கடைகளையும் ஜெபாலயங்களையும் எரிச்ச ராத்திரி. சுமார் 30,000 யூத ஆண்களைப் பிடிச்சு வதை முகாமுக்கு அனுப்புனாங்க. பதினொரு நாள் கழிச்சு, நவம்பர் 20 ஞாயித்துக்கிழமை காஃப்லின் பேசுனார். அந்த ரெகார்டிங்கை நான் காய்கறி நறுக்கிட்டே கேட்டேன். வெறி பிடிச்சுக் கத்துவார்னு எதிர்பாத்தேன். இல்ல. ஜெர்மனியில நடந்ததுக்கு வருத்தப்படுற மாதிரிதான் ஆரம்பிக்கிறார், சாவு வீட்ல துக்கம் விசாரிக்கிற பெரியவர் குரல். அப்புறம் நிதானமா ஒரு கேள்வி, ஏன் இது அவங்களுக்கு நடக்குது? ரஷ்யப் புரட்சிக்குக் காசு குடுத்தது யார், அங்க கிறிஸ்தவங்க செத்தப்போ யார் அழுதா, நாஜிசம்ங்கிறது கம்யூனிசத்துக்கு எதிரான தற்காப்புதானேன்னு படி படியா எறங்கி, கடைசியில அடி வாங்குனவன் தான் அடிக்குக் காரணம்ங்கிற எடத்துல கொண்டு வந்து விட்டுடறார். ஒவ்வொரு படியும் சின்னப் படி. கத்தியைக் கீழ வச்சிட்டு பத்து நிமிசம் பின்னால ஓட்டி மறுபடி கேட்டேன், எந்த எடத்துல எறங்குனேன்னு பாக்குறதுக்கு.

நியூயார்க்ல டபிள்யூ-எம்-சி-ஏ ஸ்டேஷன் அன்னிக்கு ஒரு காரியம் பண்ணுச்சு. பேச்சு முடிஞ்ச கையோட அவங்க அறிவிப்பாளர் மைக்குக்கு வந்து, சாமியார் சொன்னதுல உண்மைக்கு மாறான விசயங்கள் இருக்குன்னு சொல்லிட்டார். ஒரே வரி. அடுத்த வாரம் ஸ்கிரிப்டை முன்னாடியே குடுங்கன்னு கேட்டாங்க, இவர் மாட்டேன்னார், அவங்க போட மாட்டேன்னாங்க. அதுக்கப்புறம் மாசக்கணக்குல ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை ஸ்டேஷன் வாசல்ல ஆயிரக்கணக்குல கூட்டம், மறியல், கோஷம். நாஜிப் பத்திரிகைங்க அவருக்குப் பரிஞ்சு எழுதுச்சு. சோஷியல் ஜஸ்டிஸோட டிசம்பர் 5 இதழ்ல அவர் பேர் போட்டு வந்த கட்டுரையைப் பாத்தா, நாஜி பிரச்சார மந்திரி கெப்பல்ஸ் 1935ல நியூரம்பர்க்ல பேசுனதைப் பத்தி பத்தியா எடுத்து, கொஞ்சம் பட்டி டிங்கரிங் பாத்துப் போட்டிருக்கு. பூசை வைக்கிற கையால எழுதுனதா, எழுதிக் குடுத்ததுல கையெழுத்து போட்டதாங்கிறது எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்.

சிகாகோ கர்தினால் மண்டலைன், இவர் பேசுறது திருச்சபைக் கருத்து இல்லேன்னு அறிக்கை விட்டார். சொன்னவர் மறுபடியும் வேற மறைமாவட்டம். நியூயார்க், பாஸ்டன் தெருக்கள்ல கிறிஸ்தவ முன்னணின்னு பசங்க கிளம்புனாங்க, சப்வே வாசல்ல அவரோட பத்திரிகையைக் கூவி வித்தாங்க, யூதர்னு தோணுறவங்களை அடிச்சாங்க. 1940 ஜனவரியில எஃப்.பி.ஐ. புரூக்ளின்ல அவங்கள்ல 17 பேரைப் பிடிச்சுச்சு, துப்பாக்கி, வெடிகுண்டு, அரசாங்கத்தைக் கவுக்குற சதின்னு கேஸ். ஒருத்தருக்கும் தண்டனை கிடைக்கல. காஃப்லின் முதல்ல எனக்கும் அவங்களுக்கும் சம்பந்தமில்லேன்னார், அப்புறம் கொஞ்ச நாள்லயே அவங்க பக்கம் நிக்கிறேன்னார்.

இவரை வாதத்துல யாரும் ஜெயிக்கல. இதை எழுதுறதுக்கே கஷ்டமா இருக்கு. கேட்டுட்டிருந்தவங்க மனசு மாறி நிறுத்துனதா எனக்குத் தெரிஞ்சு எங்கயும் இல்ல. 1939ல ஒலிபரப்பாளர் சங்கம் ஒரு விதி கொண்டுவந்துச்சு, சர்ச்சைக்குரிய விசயத்துக்கு நேரத்தைக் காசுக்கு விக்கக் கூடாதுன்னு. யார் பேரும் சொல்லல. ஆனா வாடிக்கையாளரா வந்தவருக்குக் கடையை மூடிட்டாங்க. பழைய கான்ட்ராக்ட் எல்லாம் முடிய முடிய, 1940 இலையுதிர் காலத்துல குரல் நின்னுச்சு. பத்திரிகை மட்டும் ஓடுச்சு. ஜப்பான் பெர்ல் ஹார்பரைத் தாக்கி அமெரிக்கா போர்ல எறங்குனதுக்கு அப்புறமும் அதே பாட்டு. 1942 ஏப்ரல்ல தபால்துறை அதோட சலுகைக் கட்டணத்தை நிறுத்துச்சு. தேசத் துரோகக் கேஸ் போட்டா தியாகி ஆக்கிடுவாங்கன்னு அட்டர்னி ஜெனரல் பிடிலுக்குப் பயம், அதனால காலகருக்கு அப்புறம் டெட்ராய்ட்டுக்கு வந்த ஆர்ச்பிஷப் மூனிகிட்ட ஒரு ஆளைத் தூது விட்டார். மே 1, ஆர்ச்பிஷப் கூப்பிட்டு அரசியலை விடு, இல்லேன்னா சாமியார் வேலையை விடுன்னார். காஃப்லின் கீழ்ப்படிஞ்சார். அவ்வளவு சத்தம் போட்ட ஆள் ஒரே நாள்ல அடங்குனார், நாலு வருசத்துக்கு முன்னால இதே ஆர்ச்பிஷப் இதையே சொல்லியிருந்தா என்னாகியிருக்கும்னு நெனச்சு நெனச்சுத் தூக்கம் போன ராத்திரி உண்டு.

அதுக்கப்புறம் 1966 வரைக்கும் அதே ராயல் ஓக் கோயில்ல பங்குச் சாமியார். 24 வருசம். ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் எல்லாம் அவர் கையால. 1979ல செத்தார், 88 வயசு, பக்கத்துல சவுத்ஃபீல்டுலதான் கல்லறை.

அம்மா ஊருக்குக் கிளம்புறதுக்கு முந்தின ஞாயித்துக்கிழமை மறுபடி அந்தக் கோயிலுக்குப் பூசைக்குப் போனோம். நானே வேணுமான்னு கேட்டேன், "சிறுமலர் என்ன செய்வா பாவம்"னுட்டாங்க. பூசை முடிஞ்சு வெளிய வந்து கோபுரத்தைக் கொஞ்ச நேரம் அண்ணாந்து பாத்துட்டு நின்னாங்க. கார்ல ஏறி வுட்வர்ட்ல தெற்கே திரும்புனப்புறம் கேட்டாங்க.

"அந்த 24 வருசமும் சனங்க அவர்ட்ட பாவசங்கீர்த்தனம் பண்ணியிருப்பாவல்லா?"

"பண்ணியிருப்பாங்கம்மா, பங்குச் சாமியார்தான."

11 மைல் சிக்னல் வந்துச்சு. ஜெபமாலையை பர்ஸ்ல வச்சு ஜிப்பை மூடுனாங்க.

"அவிய யார்ட்ட பண்ணியிருப்பாவ?"

"தெரியலம்மா"ன்னேன். சிக்னல் பச்சையாச்சு.